குறட்டை, மூச்சுத்தடை, முகமூடி: முதிய பெற்றோருக்குப் பழக்குவது எப்படி?

சிபேப் கருவியுடன் வீடு திரும்பிய முதியவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் நாளில், "கருவி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், சில குடும்பங்களில் சற்று நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. அப்பா சன்னலைப் பார்க்கிறார்; அம்மா மகனைப் பார்க்கிறார். கடைசியில் மகன் சொல்கிறார்: "நாலு நாள் போட்டார், டாக்டர். அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். பரண்மேல் எடுத்து வைத்திருக்கிறோம்."

அந்த நான்கு நாள்களைப் பற்றியதே இக்கட்டுரை. சிபேப் சிகிச்சை நிலைப்பதும் நின்றுபோவதும் பெரும்பாலும் முதல் இரு வாரங்களிலேயே முடிவாகிவிடுகிறது. அந்நாள்களில் முதியவர் எங்கள் முன்னால் இருப்பதில்லை; உங்கள் வீட்டில், இருட்டில், பாதி உறக்கத்தில் இருக்கிறார். ஆகவே மருத்துவரைவிட உடனிருப்பவரின் பங்கே அப்போது பெரிது. "அப்பா பிடிவாதம் பிடிக்கிறார்" என்று பிள்ளைகள் சொல்வதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விசாரித்துப் பார்த்தால் பிடிவாதத்தின் அடியில் ஒரு வலியோ, ஒரு பயமோ, ஒரு செலவுக் கணக்கோ இருக்கிறது. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளம் அன்று

உறக்க மூச்சுத்தடையை எங்கள் குறிப்பேட்டில் ஸ்லீப் ஆப்னியா என்று எழுதியிருப்போம். விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. இது எல்லோருக்கும் நிகழ்வதே. சிலருக்கு மட்டும் மூச்சுப்பாதை குறுகி, அல்லது முழுவதுமாக மூடி, காற்று உள்ளே செல்வது நின்றுவிடுகிறது. நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றபடியே இருக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை திடுக்கிட்டு ஒரு கணம் விழித்து, தொண்டையைத் திறக்கிறது. உரத்த குறட்டையுடன் மூச்சு திரும்புகிறது. உறங்குபவருக்குக் காலையில் இவற்றில் எதுவும் நினைவிருப்பதில்லை.

10 விநாடிகளுக்குக் குறையாமல் நீடிக்கும் ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு தடையாக எண்ணுகிறோம். மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. அதற்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஏழு மணி நேர உறக்கத்தில் அது 210 முறை.

"அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறார்" என்று பெருமையாகவும், கும்பகர்ணன் என்று கேலியாகவும் சொல்லப்படும் பலர் உண்மையில் உறங்குவதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதும், பேருந்து தருமபுரியைத் தாண்டுமுன் தலை சாய்வதும் வயதின் இயல்பென்று விடப்படுகின்றன. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரையின் மேலோ ஆண்மைச் சுரப்பியின் மேலோ போட்டுவிடுகிறோம்; மூச்சுத்தடையும் அதற்கு ஒரு காரணம். காலையில் தலைவலி, மறதி, காரணமில்லாத எரிச்சல், மூன்று வகை மாத்திரைகளுக்கும் இறங்காத இரத்த அழுத்தம் ஆகியனவும் அப்படியே. நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும்போது, குறட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவர்கள் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் விட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்களில் எழுபது வயதுக்காரர் டி.வி.எஸ். 50 வண்டியில் சந்தைக்குப் போய்வருவது சாதாரணம். பகலில் தன்னையறியாமல் கண் மூடுபவர் வண்டி ஓட்டுவது அவருக்கும் எதிரே வருபவருக்கும் ஆபத்து. சிகிச்சை பலன் தந்து பகலுறக்கம் தெளியும்வரை வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது அவமதிப்பாகாது. தொப்பூர்க் கணவாய் வழியாகப் போகிறவராயின் இதில் பேச்சுக்கே இடமில்லை.

இத்தனையையும் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவிதான். மூச்சு நின்றதும் விழித்து, திரும்பி வரும்வரை காத்திருந்து, தோளைத் தொட்டு உசுப்பிவிட்டே அவர் பல ஆண்டுகளைக் கழித்திருப்பார். அம்மா தனியறைக்கோ கூடத்துக்கோ பாயை மாற்றிக்கொண்டது எப்போது என்று பிள்ளைகள் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். சிகிச்சையில் அவரும் பங்குதாரர். அவருக்கும் உறக்கம் வேண்டும்.

மாரடைப்பைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்

"இதைப் போடாவிட்டால் நெஞ்சுவலி வந்து போய்விடுவாய், அப்பா" என்று மிரட்டும் பிள்ளைகள் உண்டு. அன்பினால் சொல்வதே. ஆயினும் அது பலிப்பதில்லை. முழு உண்மையும் அன்று. ஏற்கெனவே இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள 2,717 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிபேப் அளிக்கப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அவர்கள் இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே கருவியைப் பயன்படுத்தினர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அதே ஆய்வில் பகலுறக்கம் குறைந்தது; மனநிலை மேம்பட்டது. முதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பிரிட்டனில் 14 மையங்களில் நடந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 278 பேர் அதில் இருந்தனர். சிபேப் பெற்றவர்களுக்கு மூன்றே மாதங்களில் பகலுறக்கம் தெளிவாகக் குறைந்தது.

எனவே நாங்கள் முதியவரிடம் சொல்வது வேறு. "பகலில் தெளிவாக இருப்பீர்கள். இரவில் இத்தனை முறை எழ வேண்டியிராது. காலையில் தலை கனக்காது. வீட்டம்மாவும் உறங்குவார்." இவை அவரே ஒரு மாதத்தில் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை. வராத மாரடைப்பை எவரும் சரிபார்க்க முடியாது.

லேசான மூச்சுத்தடை மட்டும் உள்ள, பகலில் சுறுசுறுப்பாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு நாங்கள் கருவியை வற்புறுத்துவதில்லை. பக்கவாட்டில் படுப்பதும், உடல் எடையைக் குறைப்பதும், மதுவையும் தாமாக வாங்கிப் போடும் உறக்க மாத்திரைகளையும் நிறுத்துவதும் அவருக்குப் போதுமாக இருக்கலாம்.

"உயிர் போகிறவர்களுக்கு வைப்பதுதானே இது?"

பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குக் கடுமையான மூச்சுத்தடை. பரிசோதனைக்கூடத்தில் கருவியைப் பொருத்திய இரவில் ஐந்து மணி நேரம் அசையாமல் உறங்கினார். வீட்டுக்குப் போனதும் இரண்டாம் நாளே தொட மறுத்துவிட்டார். முகமூடி வலிக்கிறதா என்று கேட்டோம். இல்லை. காற்று அதிகமா? இல்லை. மருமகள்தான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். முதல் நாள் இரவு சன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், மறுநாள் காலையில் பழத்துடன் வந்து, "பெரியப்பாவுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்களாமே" என்று விசாரித்திருக்கிறார். மாலைக்குள் மேலும் நாலு பேர் வந்துவிட்டனர். பெரியவரின் அண்ணனைக் கொரோனா இரண்டாம் அலையில் முகமூடியுடன்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். தம் முகத்திலும் அதே முகமூடி ஏறியபோது அவர் என்ன நினைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பயம் இவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. 2021க்குப் பிறகு நம் ஊர்களில் முகமூடி என்றாலே கடைசி நேரம் என்ற பொருள் படிந்துவிட்டது. அதனால் கருவி வீட்டுக்கு வரும் முன்பே முதியவரிடமும், தேவையெனில் அக்கம்பக்கத்தாரிடமும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இது ஆக்சிஜன் கருவி அன்று. சிலிண்டர் இல்லை, மருந்து இல்லை. அறையிலுள்ள அதே காற்றைச் சிறு விசிறி ஒன்று உறிஞ்சி, சற்றே அழுத்தத்துடன் மூக்கில் செலுத்துகிறது. அந்த அழுத்தம் தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. பந்தலுக்குக் கால் நடுவது போன்ற வேலை. மூச்சை இழுப்பதும் விடுவதும் அவரேதான். கருவி அவருக்காக மூச்சு விடுவதில்லை.

இது தோன்றிய விதமும் எளிமையானதே. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஐந்து நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து 1981இல் வெளியிட்டனர். அதற்கு முன்பு கடுமையான மூச்சுத்தடைக்கு இருந்த உறுதியான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவதுதான். அதற்குப் பதிலாக வந்தது இந்தக் காற்று.

பெரியவருக்கு நாங்கள் கூறியது ஒரே ஒரு மாற்றம். வீட்டில் இனி அதனை எவரும் ஆக்சிஜன் என்றோ சிபேப் என்றோ சொல்ல வேண்டாம். 'குறட்டை மெஷின்' என்றே சொல்லுங்கள் என்றோம். அடுத்து விசாரிக்க வந்தவரிடம் அவரே, "குறட்டைக்கு மெஷின் வாங்கியிருக்கான் பையன்" என்று சொல்லியிருக்கிறார். அதில் சற்றுப் பெருமையும் இருந்ததாக மருமகள் சொன்னார். சன்னலுக்குத் திரையும் போட்டார்கள்.

இரவில் தொடங்காதீர்கள்

பெரும்பாலான குடும்பங்கள் கருவி வந்த அன்றிரவே அப்பாவைப் படுக்க வைத்து, முகமூடியை இறுக்கி, விளக்கை அணைத்துவிடுகின்றன. நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

முதல் இரண்டு நாள் பகலில் தொடங்குங்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கட்டும். பட்டைகளை மாட்டாமல், முகமூடியை மட்டும் அவர் கையிலேயே கொடுங்கள். அவராகவே மூக்கருகே வைத்துப் பார்க்கட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்பது அவருக்குக் கையால் தெரிய வேண்டும். வாயால் சொன்னால் போதாது. பிறகு காற்றைத் திறந்து, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம் என நீட்டலாம். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சுவிடப் பழக வேண்டும். மூக்கு முகமூடியில் வாயைத் திறந்தால் காற்று பீறிட்டு வெளியேறும். அது பலரையும் திடுக்கிட வைக்கிறது. மூன்றாம் நாள் மதிய உறக்கத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். இரவு அதற்குப் பிறகு வரட்டும். ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தவறில்லை. பரணுக்குப் போவதைவிட ஒரு வாரம் தாமதம் மேல்.

அழுத்தத்தைச் சிறிதாகத் தொடங்கி, அரை மணி நேரத்தில் மெல்ல உயர்த்தும் வசதி அநேகமாக எல்லாக் கருவிகளிலும் உண்டு. அது இயங்குகிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாங்கள் குறித்த அழுத்தத்தை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

சிறுநீர் கழிக்க எழுவதுதான் முதியவர்களிடம் சிகிச்சை அறுபடும் இடம். எழுந்தவர் முகமூடியைக் கழற்றுவார். திரும்பி வந்து இருட்டில் மாட்டத் தெரியாமல் அப்படியே படுத்துவிடுவார். முகமூடியைக் கழற்றவே வேண்டியதில்லை. பல முகமூடிகளில் மூக்கருகே குழாய் சேரும் இடத்தைத் திருகியோ அழுத்தியோ பிரித்துவிடலாம். முகமூடியுடனேயே போய்வந்து மீண்டும் சொருகினால் போதும். இதைப் பகலில் பத்துமுறை செய்து பழக்குங்கள். அறையில் ஒரு சிறு இரவு விளக்கு எரியட்டும். பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் இரவில் தழை போட எழுகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும். தோட்டத்தில் காவலுக்குப் படுக்கும் இரவுகளில் கருவி இராது. அந்த இரவுகளைக் குறைத்துக்கொண்டு, அன்று பக்கவாட்டில் படுக்கச் சொல்வதற்கு மேல் நாங்கள் கேட்பதில்லை.

ஓர் இரவில் நான்கு மணி நேரம், பத்து இரவுகளில் ஏழு இரவு என்பது போதிய பயன்பாட்டுக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் கொள்ளும் குறைந்த அளவு. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும் நன்மையே. முதல் வாரத்தில் இரண்டு மணி நேரம் போட்டாலும் அதைக் குறையாகச் சொல்லாதீர்கள். காலையில் எழுந்ததும் கருவித்திரையைப் பார்த்து, "நேற்று ஒன்றரை மணி நேரம்தானா?" என்று கேட்கும் மகன், அன்றிரவு அதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறார். எண்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் கேட்க வேண்டியது, "எங்கே உறுத்தியது?" என்பது மட்டும்.

மூக்குத்தியும் பொக்கைவாயும்

முகமூடி முகத்துக்குத்தான் பொருந்த வேண்டும். முகமூடிக்காக முகத்தை மாற்ற முடியாது. அம்மாக்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது மூக்குத்தியை. மூக்கின்மேல் கவியும் வகை முகமூடி மூக்குத்தியில் தட்டி, காற்றுக் கசிந்து, இரண்டே இரவில் புண்ணாகிவிடும். "மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடலாம். திருமணத்தன்று ஏறியதை அறுபத்தெட்டு வயதில், கணவர் உயிரோடிருக்கும்போது கழற்றச் சொன்னால், அந்த அம்மா முகமூடியைத்தான் கழற்றுவார். நாசித்துளையின் வாயிலேயே அமரும் சிறு மெத்தை வகை முகமூடி இவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவருகிறது. உட்புறத் திருகு உரசுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். கொண்டையைப் பின்தலையின் நடுவில் போடாமல் சற்று மேலேயோ கீழேயோ தள்ளிப் போட்டால் பட்டை வழுக்காது. முகத்தில் எண்ணெய்ப்பசை இருந்தாலும் முகமூடி நழுவும். படுக்கும்முன் முகத்தைக் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

பல்செட் கழற்றியதும் கன்னம் குழிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும். பல்செட்டுடன் வந்து அளவு பார்த்துவிட்டு, இரவில் அதைக் கழற்றிவிட்டு முகமூடி போட்டால் காற்றுக் கசியாமல் என்ன செய்யும்? உறங்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படியே அளவு பார்க்க வேண்டும். தாடிக்கும் இது பொருந்தும். நேர்த்திக்கடனுக்கு வளர்த்த தாடியானால் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு வகை தருகிறோம்.

நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன், ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பல்லாண்டு குடித்தவர்களே இன்றைய முதியவர்கள். அவர்களிற் சிலருக்குக் கழுத்தும் தோளும் முதுகும் இறுகிப்போயிருக்கின்றன. கையைப் பின்தலைக்குக் கொண்டுபோகவே முடியாதவரிடம், பின்னால் பட்டை மாட்டும் முகமூடியைக் கொடுத்துவிட்டு "பிடிவாதம்" என்பது நியாயமன்று. பட்டைகளை ஒருமுறை அளவாக்கி விட்டு, தொப்பிபோல் மேலிருந்து போட்டுக் கழற்றும்படி அமைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் காந்தக் கொக்கி உள்ள முகமூடிகளும் கிடைக்கின்றன. இதயத்துடிப்புக் கருவி போன்ற உலோகச் சாதனம் உடலில் பொருத்தப்பட்டவருக்குக் காந்தக் கொக்கி வேண்டாம். அவர் மட்டுமல்ல, அவர் பக்கத்தில் படுப்பவருக்கு அப்படியொரு சாதனம் இருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள்.

காற்றுக் கசிகிறது என்றதும் பட்டையை இறுக்குவது எல்லோரும் செய்யும் தவறு. இறுக்கினால் மூக்குத்தண்டு புண்ணாகும். மெத்தை நசுங்கிக் கசிவு இன்னும் கூடும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது, முகமூடியைச் சற்றுத் தூக்கி மறுபடி அமர வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

தண்ணீர், மின்சாரம், பணம்

தொண்டை வறண்டால் கருவியுடன் வரும் ஈரமூட்டியைப் பயன்படுத்த வேண்டும். அதில் நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சில நாள்களில் அடியில் உப்புப் பொரிந்துவிடும். ஆவி மட்டுமே மேலேறுவதால் ஃபுளோரைடு மூச்சில் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, தொட்டிதான் பாழாகும். மருந்துக்கடையில் வாலை வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கும் நீர் வேண்டாம். கிடைக்காத ஓரிரு நாள் கொதித்து ஆறிய நீர் போதும். மீதமிருப்பதன்மேல் ஊற்றாமல், நாள்தோறும் கொட்டிவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதிதாக ஊற்ற வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக் கொப்பளிக்கும் சத்தம் வரும். சிலர் அதைக் கருவியின் பழுதென்று நினைத்துவிடுகின்றனர். ஈரத்தைக் கொஞ்சம் குறைத்து, குழாயின்மேல் துணி சுற்றி, கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தால் நின்றுவிடும்.

முகமூடியை நாள்தோறும் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காற்று வடிகட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். விறகடுப்பு எரியும் வீட்டிலும், தார்ச்சாலையோர வீட்டிலும் அது விரைவில் கறுத்துவிடும். பகலில் கருவியைத் துணியால் மூடி வைக்காவிட்டால் குழாய்க்குள் எறும்பும் கரப்பானும் குடியேறும். ஒருமுறை அப்படி நடந்த வீட்டில் மறுபடி முகமூடியைப் போட வைப்பது எளிதன்று.

மின்கட்டணத்தைப் பற்றிய கவலையைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. நள்ளிரவில் எழுந்து சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். கணக்கைக் காட்டிவிடுங்கள். ஈரமூட்டி இல்லாமல் கருவி ஏறத்தாழ 40 வாட் இழுப்பதாகக் கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு மூன்றில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்குச் சுமார் 20 யூனிட். ஈரமூட்டி ஓடினால் இன்னும் கூடும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கோடைமழைக் காற்றில் மின்சாரம் போனால் கருவி நின்றுவிடும்; மூச்சு நின்றுவிடாது. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடிகளில் வெளிக்காற்று உள்ளே வருவதற்குத் தனித் திறப்பு உண்டு. ஆயினும் முகமூடியைக் கழற்றி வைத்துவிடச் சொல்லிப் பழக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ஈரமூட்டியை நிறுத்திவிட்டு ஒரு மின்விசிறியுடன் சேர்த்து இரவு முழுவதும் ஓட்டலாம்.

கருவியின் விலை சில பத்தாயிரங்கள். ஒரு கறவை மாட்டின் விலையைத் தமக்காகச் செலவிட வேண்டுமா என்று கேட்கும் பெரியவருக்கு நாங்கள் சொல்வது: முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பழகிய பிறகு வாங்கலாம். யாரோ பயன்படுத்தி விட்டதைக் குறைந்த விலைக்கு வாங்குவதாக இருந்தால் எங்களிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். உள்ளிருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதைந்து துகள்கள் மூச்சுப்பாதையில் செல்லக்கூடும் என்பதால் பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் உலகெங்கும் தன் கருவிகளில் பல வகைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்படிப்பட்ட பழைய கருவி கைமாறி வந்தால் உங்களுக்குத் தெரியாது.

போடக் கூடாத நிலைகள், போட மறுக்கும் நிலை

பக்கவாதத்தால் கை செயலிழந்து, தாமாக முகமூடியைக் கழற்ற முடியாதவருக்கு வாயையும் சேர்த்து மூடும் முகமூடியை நாங்கள் எளிதில் தருவதில்லை. இரவில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழலில் புகுந்துவிடும். நினைவாற்றல் குன்றியவர்களாலும் கருவியைப் பழகிக்கொள்ள முடியும். ஆனால் இரவில் ஒருவர் உடனிருக்க வேண்டும், நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கையால் போட்டுவிட வேண்டும். மூக்கிலிருந்து இரத்தம், காதுவலி, கூடிக்கொண்டே போகும் காலைத் தலைவலி, குழப்பத்துடன் கூடிய அதிக உறக்கம், கால்வீக்கத்துடன் மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே வாருங்கள். வேறு எந்த அறுவைச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தாலும் மயக்க மருத்துவரிடம் மூச்சுத்தடை இருப்பதைச் சொல்லி, கருவியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்த பிறகும், முகமூடியை மாற்றி, அழுத்தத்தைச் சீராக்கி, மூக்கடைப்புக்கு மருந்து கொடுத்த பிறகும், ஒருவர் "எனக்கு இது வேண்டாம்" என்று தெளிந்த மனதுடன் சொல்வார். சொல்வதற்கு அவருக்கு உரிமை உண்டு. உறங்கிய பிறகு அவருக்குத் தெரியாமல் முகமூடியை மாட்டிவிடும் பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம்; அது வேண்டவே வேண்டாம். திடுக்கிட்டு விழிக்கும் அந்த ஓர் இரவோடு மீதமிருந்த நம்பிக்கையும் போய்விடும். அவரை எங்களிடம் அழைத்து வாருங்கள். பக்கவாட்டில் படுக்கும் பயிற்சியும், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்சாதனமும் உண்டு. பின்னது பற்கள் போதிய அளவு உறுதியாக உள்ளவர்களுக்கே பயன்படும். இவை சிபேப் அளவுக்குப் பலன் தருவதில்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட மேல். ஆறு மாதம் கழித்து அவரே மனம் மாறி வருவதும் உண்டு.

மறுபரிசோதனைக்கு வரும்போது கருவி, முகமூடி, குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பயன்பாட்டுக் கணக்கு அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளும் வேண்டும். அரூரிலிருந்தோ பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தோ முதல் பேருந்தைப் பிடித்து வர வேண்டியிருப்பதால், மகன் மட்டும் வந்து கேட்டுப் போவது வழக்கமாக உள்ளது. முடிந்தவரை அப்பாவையும் அழைத்து வாருங்கள். இரவில் அதே அறையில் படுப்பவர் யாரோ, அவரும் வரட்டும்.